அயோடின்-131: குழந்தைகளின் தைராய்டுக்குள் எவ்வளவு, எந்த வழியாக, எத்தனை நாளில்?

#1 · அரைவாழ்வு

ஆசிரியர்களுக்கான ஒரு கையேட்டுக்கு, அணு விபத்தில் வெளிவரும் கதிரியக்கத் தூசும் (முக்கியமாக அதிலுள்ள அயோடின்-131) குழந்தைகளின் தைராய்டும் பற்றி இரண்டு பக்கம் எழுத வேண்டியிருக்கிறது. வாசித்தவரை நாலு இடத்தில் சிக்கல்.

குழந்தைக்கு ஆபத்து அதிகம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எத்தனை மடங்கு, ஏன் என்று கணக்காக யாரும் சொல்வதில்லை.

கதிர்வீச்சின் விளைவுகளை ஆராயும் ஐ.நா.வின் அன்ஸ்கியர் குழு 2018இல் தந்த கணக்குப்படி, செர்னோபில் விபத்தின்போது 18 வயதுக்குக் கீழிருந்தவர்களில் 1991 முதல் 2015 வரை 19,233 தைராய்டு புற்றுநோய்கள் பதிவாகியுள்ளன. பெலாரஸ், உக்ரைன், ரஷ்யாவில் அதிகம் மாசுபட்ட நான்கு மாகாணங்கள் சேர்த்து. இத்தனையும் கதிர்வீச்சின் கணக்கில் வருமா?

புகுஷிமாவிலும் பிள்ளைகளிடம் நூற்றுக்கு மேல் கண்டுபிடித்தார்கள். அதை ஏன் அப்படி எண்ணுவதில்லை?

கடைசியாக, பொட்டாசியம் அயோடைடு மாத்திரை. யாருக்கு எவ்வளவு, எப்போது?

#2 · பால்வழி

முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். பெயரே பால்வழி, வேறு யார் எடுப்பது.

தைராய்டுக்கு நிலையான அயோடின் எது, கதிரியக்க அயோடின் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. குடலிலிருந்து ரத்தத்துக்கு வரும் அயோடினில் சுமார் 30 சதவீதத்தை இழுத்துக்கொள்ளும். இந்தப் பங்கு ஒரு வயதிலும் நாற்பது வயதிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மாறுவது சுரப்பியின் எடை. ஒரு வயதில் 1.8 கிராம், ஐந்து வயதில் 3.4, பத்து வயதில் 7.9, பெரியவருக்கு 20. ஒரே அளவு ஆற்றல், பத்தில் ஒரு பங்கு திசுவில் இறங்குகிறது.

கையால் போட்டுப் பார்க்கலாம். ஒரு வயதுக் குழந்தை 1 பெக்கெரல் (வினாடிக்கு ஒரு சிதைவு) அயோடின்-131 விழுங்குகிறது. 0.3 பெக்கெரல் சுரப்பிக்குப் போகிறது. இயற்பியல் அரை ஆயுள் 8 நாள், அந்த வயதில் சுரப்பியை விட்டு வெளியேறும் அரை ஆயுள் சுமார் 15 நாள், இரண்டும் சேர்ந்தால் 5.2 நாள். அதை 0.693ஆல் வகுத்தால் சராசரி 7.5 நாள், அதாவது ஏறத்தாழ 6.5 லட்சம் வினாடி. ஆக 1.9 லட்சம் சிதைவுகள். ஒவ்வொன்றும் பீட்டாவாகச் சராசரி 0.19 மெகா எலக்ட்ரான் வோல்ட் விட்டுப்போகிறது. 1.8 கிராமால் வகுத்தால் 3.3 மைக்ரோகிரே வரும் (கிரே என்பது ஒரு கிலோ திசுவில் இறங்கும் ஆற்றலின் அளவு, அதுவே டோஸ்). ஐ.சி.ஆர்.பி. (பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் குழு) அட்டவணையில் இருப்பது 3.6. பெரியவருக்கு அதே அட்டவணையில் 0.43. உங்கள் 'எத்தனை மடங்கு' இதுதான்: விழுங்கிய ஒவ்வொரு பெக்கெரலுக்கும் எட்டு மடங்கு.

பெரியவரின் சுரப்பி அயோடினை 80 நாள் பிடித்துவைத்திருக்கும், குழந்தையுடையது சீக்கிரம் விட்டுவிடும். அதனால்தான் எடை பதினோரு மடங்கு குறைந்தும் டோஸ் எட்டு மடங்கோடு நிற்கிறது.

இனி, குழந்தை எதை விழுங்குகிறது என்பது. தூசு புல்லில் படுகிறது, பசு ஒரு நாளில் பெரிய பரப்பை மேய்ந்துவிடுகிறது, சில மணி நேரத்திலேயே பாலில் அயோடின் தெரியும், இரண்டு மூன்று நாளில் உச்சம். பசு ஒரு வடிகட்டி இல்லை, திரட்டி. குழந்தை குடிப்பதில் பெரும்பங்கு அந்தப் பால். மூச்சு வழி வருவதைவிட இது பல மடங்கு பெரிய வழி.

இன்னொரு கணக்கு. முதல் நாள் லிட்டருக்கு 1000 பெக்கெரல், குழந்தை குடிப்பது நாளுக்கு 0.7 லிட்டர். புல்லிலிருந்து மழையிலும் காற்றிலும் கழிவதையும் சேர்த்தால் பாலில் அரை ஆயுள் சுமார் 5 நாள், சராசரி 7.2 நாள். கடைசிவரை குடித்தால் 1000 × 0.7 × 7.2 = 5040 பெக்கெரல். தைராய்டுக்கு 18 மில்லிகிரே. அதே பாலை அதே அளவு குடித்த பெரியவருக்கு 2.2.

முதல் நாளே நிறுத்தினால் பதினெட்டும் மிச்சம். ஐந்தாம் நாள் நிறுத்தினால் பாதி போய்விட்டது. பத்தாம் நாள் நிறுத்தினால் காப்பாற்றியது கால் பங்குதான்.

#3 · கல்வம்

ஆட்டுப்பாலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தீவனத்திலிருந்து ஒரு லிட்டர் பாலுக்கு மாறும் விகிதம் பசுவுக்கு 0.005 என்றால் ஆட்டுக்கு 0.2 அளவில். ஆடு தின்பது குறைவு என்பதால் நாற்பது மடங்காக ஆகாது, ஆனாலும் ஒரே புல்வெளியில் மேய்ந்தால் ஆட்டுப்பாலில் மூன்று மடங்குக்கு மேல் இருக்கும். 'பசும்பால் வேண்டாம், ஆட்டுப்பால் கொடுக்கிறோம்' என்று நல்லெண்ணத்தில் மாறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

#4 · அரைவாழ்வு

பாலைக் காய்ச்சினால்?

#5 · பால்வழி

ஒன்றும் ஆகாது. தண்ணீரும் அப்படியே: கொதிக்கவைத்தால் நீர்தான் ஆவியாகும், அயோடின் செறிவு கூடும். பாலை வீணாக்கக் கூடாது என்றால் பவுடராகவோ பாலாடைக் கட்டியாகவோ மாற்றி 80 நாள் வைக்கலாம். பத்து அரை ஆயுள், ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். தூசில் கூடவே வரும் சீசியம்-137க்கு இந்தத் தந்திரம் பலிக்காது, அதன் அரை ஆயுள் 30 ஆண்டு.

1957 அக்டோபரில் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் உலை தீப்பிடித்தபோது செய்ததும் பாலை நிறுத்தியதுதான். லிட்டருக்கு 0.1 மைக்ரோகியூரி, அதாவது 3700 பெக்கெரல் என்று வரம்பு வைத்து சுமார் 500 சதுர கிலோமீட்டரில் பால் கொட்டப்பட்டது. 1986 மே 6ஆம் தேதி சோவியத் அரசு பாலுக்கு வைத்த தற்காலிக வரம்பும் அதே 3700. எண் ஒன்றுதான். ஆனால் மே 6 என்பது விபத்து நடந்து பத்தாவது நாள். மேலே போட்ட கணக்கில் பத்தாம் நாள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

#6 · செய்தித்துளி

இது பயனுள்ள தகவல் என்று ஒரு குழுவில் வந்தது: கதிர்வீச்சு பரவினால் அயோடின் உப்பை இரண்டு ஸ்பூன் தண்ணீரில் கலந்து குடிக்கவும், காயத்துக்குப் போடும் டிங்சர் அயோடினை மூன்று சொட்டு பாலில் விட்டுக் குழந்தைக்குக் கொடுக்கவும். சேர்த்துக்கொள்ளலாமே?

#7 · கல்வம்

தயவுசெய்து வேண்டாம், அங்கும் அழித்துவிடச் சொல்லுங்கள்.

உப்புக் கணக்கு: அயோடின் சேர்த்த உப்பில் ஒரு கிராமுக்கு சுமார் 30 மைக்ரோகிராம். கதிரியக்க அயோடினுக்கு இடமில்லாதபடி பெரியவரின் தைராய்டை நிலையான அயோடினால் அடைக்க வேண்டியது 100 மில்லிகிராம். மூன்று கிலோவுக்கு மேல் உப்பு தின்ன வேண்டும். தைராய்டு தப்பினாலும் ஆள் தப்பமாட்டார். குழந்தைக்கு இரண்டு ஸ்பூன் உப்பே ரத்தத்தில் சோடியத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். 2011இல் சீனாவில் கடைகளில் உப்பு தீர்ந்துபோனது இந்த மாதிரிச் செய்தியால்தான்.

டிங்சரில் இருப்பது தனிம அயோடினும் சாராயமும். உணவுக்குழாயைப் புண்ணாக்கும்.

#8 · செய்தித்துளி

அழித்துவிட்டேன். அப்படியானால் சரியான அளவு என்ன?

#9 · கல்வம்

உலக சுகாதார நிறுவன அளவுகள், பொட்டாசியம் அயோடைடின் எடையில், ஒரு வேளைக்கு:

பிறந்து ஒரு மாதம் வரை 16 மில்லிகிராம்
1 மாதம் முதல் 3 வயது வரை 32
3 முதல் 12 வயது வரை 65
12 வயதுக்கு மேல் 130

மாத்திரை உறையில் 'அயோடின்' எடை போட்டிருக்கிறதா 'பொட்டாசியம் அயோடைடு' எடை போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 130 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடைடில் அயோடின் 100 மில்லிகிராம்தான். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு கைக்குழந்தைக்கு அளவு தப்புவது நடக்கக்கூடியது.

130 மில்லிகிராம் மாத்திரை மட்டும் கையில் இருக்கிறது, குழந்தைக்குக் கொடுக்க வேண்டும் என்றால் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) சொல்லும் முறை: மாத்திரையைப் பொடித்து 4 தேக்கரண்டி நீரில், அதாவது 20 மில்லியில், கரையும்வரை கலக்குங்கள். அதில் 4 தேக்கரண்டி பழச்சாறோ கெடாத பாலோ சேருங்கள். மொத்தம் 40 மில்லி. ஒரு 5 மில்லி கரண்டியில் சுமார் 16 மில்லிகிராம். பிறந்த குழந்தைக்கு ஒன்று, மூன்று வயதுவரை இரண்டு, 12 வரை நான்கு. குளிர்பெட்டியில் 7 நாள் இருக்கும். பொடிக்காமல் போட்டால் அடியில் தங்கிவிடும், கடைசிக் கரண்டியில் மொத்தமும் வரும். பால் சேர்க்கும்போது அது மாசுபடாத பாலாக இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். இல்லை, சொல்லிவிடுவதே நல்லது.

நேரம்தான் மாத்திரையின் உயிர். தூசு வருவதற்கு முந்தைய 24 மணி நேரம் முதல், வந்த 2 மணி நேரம் வரை சரியான காலம். 8 மணி வரை கொடுப்பதில் அர்த்தம் உண்டு, ஆனால் தடுக்கும் பங்கு பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். 24 மணி நேரம் தாண்டிக் கொடுத்தால் பலனைவிடக் கெடுதல் அதிகம்: ஏற்கெனவே உள்ளே போன கதிரியக்க அயோடின் வெளியேறுவதை அது தாமதப்படுத்தும். அரசு சொல்லாமல் முன்கூட்டியே வீட்டில் விழுங்கிவைப்பதும் வீண். ஒரு டோஸ் காப்பது சுமார் ஒரு நாள்.

#10 · நாளமில்லான்

கல்வம் சொன்னதோடு இரண்டு எச்சரிக்கை.

பிறந்த குழந்தைக்கு ஒரே ஒரு டோஸ்தான், திரும்பக் கொடுப்பதில்லை. அயோடின் திடீரென்று ஏறினால் சுரப்பி ஹார்மோன் செய்வதையே நிறுத்திவிடும், இதை வோல்ஃப்-சைக்காஃப் விளைவு என்பார்கள். பெரியவர்களின் சுரப்பி ஓரிரு நாளில் அதிலிருந்து மீண்டுவிடும், பச்சிளம் சுரப்பிக்கு அந்தத் திறன் முதிரவில்லை. மூளை வளரும் வாரங்களில் தைராக்சின் (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) குறைவது சின்ன விஷயமல்ல. ஆகவே மாத்திரை பெற்ற பிறந்த குழந்தைக்குப் பின்னர் ரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்), டி4 (தைராக்சின்) பார்த்தே ஆக வேண்டும். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் இதேபோல் திரும்பத் திரும்பக் கூடாது. கருவின் தைராய்டு 10-12 வாரத்திலிருந்து அயோடினை இழுக்கத் தொடங்குகிறது.

தாய்ப்பாலிலும் அயோடின் போகும். தாய் விழுங்கிய மாத்திரையை நம்பிக் குழந்தையை விட்டுவிடக் கூடாது, குழந்தைக்குத் தனி டோஸ்.

'மீன் ஒத்துக்கொள்ளாது, அதனால் அயோடின் ஒத்துக்கொள்ளாது' என்று பலர் நினைக்கிறார்கள். மீன் ஒவ்வாமை மீனின் புரதத்துக்கானது, அயோடினோடு சம்பந்தமில்லை.

பெரிய அளவில் கொடுத்துப் பார்த்த இடம் போலந்து. 1986 ஏப்ரல் 28 அன்று காற்றில் கதிரியக்கம் தெரிந்தது, மாஸ்கோவிலிருந்து விவரம் எதுவும் வரவில்லை, மறுநாளே கரைசலாகக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். 16 வயதுக்குட்பட்ட ஒரு கோடியே 5 லட்சம் பேரும் பெரியவர்கள் 70 லட்சம் பேரும் குடித்தார்கள். பிறந்த குழந்தைகளில் கவனித்த 3214 பேரில் 12 பேருக்கு டி.எஸ்.எச். ஏறியது, பிறகு இறங்கிவிட்டது. ஆனால் அவர்கள் கூடவே செய்த இன்னொன்றை யாரும் சொல்வதில்லை: பச்சைப்புல் மேய்ந்த பசுவின் பாலைத் தடுத்து, 4 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பால் பவுடர் கொடுத்தார்கள்.

#11 · பால்வழி

அதையேதான் சொல்ல வந்தேன். மாத்திரைக்கு ஆயுள் ஒரு நாள், பாலுக்கு ஆறு வாரம். கையேட்டில் மாத்திரைக்கு ஒரு பக்கம், பாலுக்கு ஒரு வரி என்று வைத்துவிடாதீர்கள்.

#12 · பகுதி_எங்கே

19,233க்கு வருகிறேன். எந்த எண்ணைப் பார்த்தாலும் என் முதல் கேள்வி என் பெயர்தான்.

அந்த எண் கதிர்வீச்சால் வந்தவர்களின் எண்ணிக்கை அல்ல. 1986இல் கைக்குழந்தையாக இருந்தவருக்கு 2015இல் வயது 29. அந்த வயதில் தைராய்டு புற்றுநோய் எந்த நாட்டிலும் வரும். மக்கள் வயதாகிறார்கள், அல்ட்ராசவுண்டு ஸ்கேன் கருவிகள் கூர்மையாகின்றன, எண் ஏறுகிறது. அதே அன்ஸ்கியர் அறிக்கை, வெளியேற்றப்படாமல் அங்கேயே வாழ்ந்தவர்களிடம் கதிர்வீச்சின் பங்கு சுமார் 25 சதவீதம் என்றும், அது 7 முதல் 50 வரை இருக்கலாம் என்றும் சொல்கிறது.

பங்கைக் கணக்கிடுவது எளிது. ஒரு கிரேவுக்கு மிகை ஆபத்து (இயல்பான ஆபத்துக்கு மேல் எத்தனை மடங்கு கூடுகிறது என்பது) 2 என்று வையுங்கள் (உக்ரைன்-அமெரிக்கக் கூட்டு ஆய்வில் சுமார் 13,000 பேரிடம் 1.91 வந்தது). டோஸ் 0.5 கிரே என்றால் 2 × 0.5 = 1. பங்கு 1/(1+1), பாதி. டோஸ் 0.02 கிரே என்றால் 0.04/1.04, நூறில் நாலு. ஒரே நோய், ஒரே நுண்ணோக்கிப் படம், டோஸைப் பொறுத்து காரணப்பங்கு மட்டும் மாறுகிறது.

அதற்காக 'எல்லாமே ஸ்கேனின் வேலை' என்ற பக்கமும் போகாதீர்கள். பெலாரஸில் குழந்தைகளிடம் கண்டவை: 1986இல் 2, 1987இல் 4, 1988இல் 5, 1989இல் 6, 1990இல் 29, 1991இல் 55, 1992இன் முதல் பாதியில் மட்டும் 30. கசாகோவும் தெமித்சிக்கும் அஸ்தகோவாவும் 1992இல் இதை வெளியிட்டபோது, தேடினால் கிடைக்கத்தான் செய்யும் என்று பலர் ஒதுக்கினார்கள். அதற்குச் சரியான பதில் 2001இல் வந்தது. பெலாரஸின் கோமெல் பகுதியில் ஒரே கருவியால், ஒரே முறையில் மூன்று கூட்டத்தைப் பரிசோதித்தார்கள். விபத்துக்கு முன், 1983 முதல் 1986 ஏப்ரல் 26 வரை பிறந்த 9,720 பேரில் 31 புற்றுநோய். விபத்துக்குப் பின் அந்த ஆண்டு முடிவுக்குள் பிறந்த 2,409 பேரில் 1. 1987-89இல் பிறந்த 9,472 பேரில் ஒன்றுமே இல்லை. அதே மண், அதே சீசியம், அதே ஸ்கேன். இவர்கள் பிறந்தபோது அயோடின்-131 மட்டும் தீர்ந்துபோயிருந்தது.

என் பார்வையில் இந்தத் துறையின் மிக அழகான அட்டவணை இதுதான். மூன்றே வரி.

#13 · அரைவாழ்வு

அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஒரு துணைக்கேள்வி: ஒரே டோஸ் வாங்கிய இரண்டு ஊர்களில் ஆபத்து ஒன்றுதானா?

#14 · நாளமில்லான்

இல்லை. 2005இல் வந்த பெலாரஸ்-ரஷ்யா ஆய்வில், மண்ணில் அயோடின் மிகக் குறைந்த பகுதிகளில் அதே டோஸுக்கு ஆபத்து மூன்று மடங்கு. பின்னாளில் அயோடைடு துணைச்சத்தாகப் பெற்ற பிள்ளைகளிடம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. பட்டினி கிடந்த சுரப்பி அதிகம் இழுக்கும். அதுமட்டுமல்ல, குறைபாடு நீடித்தால் டி.எஸ்.எச். தூண்டிக்கொண்டே இருக்க, செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும், சேதமடைந்த செல்லும் கூடவே பெருகும்.

#15 · மினுக்கி

டோஸ் டோஸ் என்று பேசுகிறோம், அது எப்படி அளக்கப்பட்டது என்பதையும் இரண்டு வரி போடுங்கள். சுரப்பியில் இருக்கும் அயோடின்-131 விடும் 364 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாவைக் கழுத்தின் கீழ்ப்பகுதியில் சோடியம் அயோடைடு படிகக் கருவியை ஒட்டி வைத்து எண்ணுவது. அவ்வளவுதான். கெடுவது எல்லாம் சுற்றுப்புறத்தில்.

ஒன்று, அறையின் பின்னணிக் கதிர்வீச்சு மணிக்கு 0.2 மைக்ரோசீவர்ட்டைத் தாண்டினால் குழந்தையின் கழுத்திலிருந்து வருவது அதில் முங்கிவிடும். இடத்தை மாற்ற வேண்டும். இரண்டு, சட்டைக் காலரிலும் தோலிலும் இருக்கும் தூசு. ஈரத்துணியால் கழுத்தைத் துடைத்து, மேல்சட்டையைக் கழற்றிய பிறகே அளக்க வேண்டும். மூன்று, உடம்பு முழுக்கப் பரவியிருக்கும் சீசியம். அதைக் கழிக்கத் தொடையில் ஒருமுறை அளந்து, கழுத்து எண்ணிலிருந்து கழிப்பார்கள். கழிக்காவிட்டால் தைராய்டு டோஸ் பொய்யாக ஏறும். செர்னோபிலுக்குப் பின் லட்சக்கணக்கானோரை அளந்தபோது ராணுவத்தின் சாதாரணக் கருவிகளும் பயன்பட்டன, ஆற்றலைப் பிரித்துப் பார்க்கத் தெரியாதவை. அந்த எண்களைத் திருத்தப் பல ஆண்டுகள் ஆனது.

நான்கு, நாள். ஒரு மாதம் கழிந்தால் பதினாறில் ஒன்றுகூட மிஞ்சாது. தவறவிட்ட இடங்களில் மண்ணிலுள்ள அயோடின்-129ஐ அளந்து பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள், அதன் அரை ஆயுள் 1.57 கோடி ஆண்டு. அது ஊரின் சராசரியைத் தரும். எந்தக் குழந்தை எவ்வளவு பால் குடித்தது என்று மண்ணுக்குத் தெரியாது.

ஜப்பானில் 2011 மார்ச் 26 முதல் 30 வரை இவாகி, கவாமதா, இதாதே ஊர்களில் 1,080 பிள்ளைகளின் கழுத்தை அளந்தார்கள். ஒரு வயதுக் குழந்தைக்கு 100 மில்லிசீவர்ட் தைராய்டு டோஸுக்குச் (இந்தக் கதிர்வீச்சில் சுரப்பிக்கு 1 மில்லிசீவர்ட்டும் 1 மில்லிகிரேயும் ஒன்றுதான்) சமமான 0.2 மைக்ரோசீவர்ட்/மணி என்ற வரம்பை யாரும் தாண்டவில்லை. மொத்தப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் 1,080 சொற்பம்தான், அந்தக் குறை என்றும் இருக்கும்.

#16 · பகுதி_எங்கே

அது புகுஷிமா கேள்விக்கு நல்ல வாசல்.

அங்கே 18 வயதுக்குட்பட்ட சுமார் 3.68 லட்சம் பேரை அழைத்து, முதல் சுற்றில் சுமார் 3 லட்சம் பேருக்கு ஸ்கேன் செய்தார்கள். 5.1 மி.மீ.க்கு மேல் கட்டியோ 20.1 மி.மீ.க்கு மேல் நீர்க்கட்டியோ இருந்தால் 'பி' பிரிவு, அடுத்தகட்டப் பரிசோதனை. 116 பேரிடம் புற்றுநோய் அல்லது சந்தேகம். செர்னோபிலில் தேடிக் கண்டவையும் உண்டு, ஆனால் அங்கே அடையாளம் வேறு.

வயதைப் பாருங்கள். செர்னோபிலில் அதிகம் பாதிக்கப்பட்டது விபத்தின்போது 5 வயதுக்குக் கீழிருந்தவர்கள். புகுஷிமாவின் முதல் சுற்றில் கிடைத்தவர்கள் பெரும்பாலும் பதின்பருவத்தினர், சிறு குழந்தைகள் இல்லை. நாளைப் பாருங்கள்: கதிர்வீச்சால் வரும் தைராய்டு புற்றுநோய் தலைகாட்ட நாலு ஆண்டாவது வேண்டும், இவை அதற்குள்ளேயே கிடைத்தன. டோஸைப் பாருங்கள்: செர்னோபிலிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் தைராய்டு டோஸ் சராசரியாக 500 மில்லிகிரே அளவில், பள்ளிவயதுக்கு முந்தைய பிள்ளைகளுக்கு அதைப்போல இரண்டு முதல் நாலு மடங்கு. புகுஷிமாவில் வெளியேற்றப்பட்ட ஊர்களில் கைக்குழந்தைகளின் சராசரியே அதிகபட்சம் 30 மில்லிகிரே அளவில்தான்.

தூசு படாத அவோமோரி, யமனாஷி, நாகசாகியில் 4,365 பிள்ளைகளுக்கு அதே கருவி, அதே அளவுகோல். அங்கும் பாதிக்கு மேற்பட்டோரிடம் சிறு கட்டியோ நீர்க்கட்டியோ இருந்தது.

#17 · பால்வழி

டோஸ் ஏன் குறைந்தது என்பதற்கும் பால்தான் பாதிக் காரணம். செர்னோபில் ஏப்ரல் கடைசி, பசுக்கள் அப்போதுதான் புல்வெளிக்கு இறங்கியிருந்தன. புகுஷிமா மார்ச் நடு, மாடுகள் கொட்டகையில் முந்தைய ஆண்டு வைக்கோலைத் தின்றுகொண்டிருந்தன. மார்ச் 17 அன்றே பாலுக்கு கிலோவுக்கு 300 பெக்கெரல், கைக்குழந்தைக்கு 100 என்று வரம்பு வைத்து, 21ஆம் தேதி புகுஷிமா மாவட்டப் பாலையே தடுத்துவிட்டார்கள். 23ஆம் தேதி தோக்கியோவின் கனாமச்சி நிலையக் குடிநீரில் 210 இருந்தபோது கைக்குழந்தைகளுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று அறிவித்தார்கள். கூடவே, கடற்பாசி தின்னும் நாட்டில் சுரப்பிகள் ஏற்கெனவே நிறைந்திருந்தன. வெளியேறியவர்களின் டோஸில் பெரிதாக மிஞ்சியது மூச்சு வழி வந்தது.

#18 · அரைவாழ்வு

அப்படியானால் விபத்துக்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஸ்கேன் செய்வது சரியா தப்பா? பெற்றோர் நிச்சயம் கேட்பார்கள்.

#19 · நாளமில்லான்

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் நிபுணர் குழு 2018இல் சொன்னது: மொத்த மக்களுக்கும் தைராய்டு சல்லடைப் பரிசோதனை (அறிகுறி இல்லாதவர்களையும் ஸ்கேன் செய்வது) வேண்டாம். கருவிலோ சிறுவயதிலோ 100-500 மில்லிகிரே அல்லது அதற்கு மேல் தைராய்டு டோஸ் பெற்றவர்களுக்கு, விளக்கிச் சொல்லி, அவர்கள் விரும்பினால் நீண்டகாலக் கண்காணிப்பு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

காரணம் கத்தி. கண்டுபிடித்தபின் 'விட்டுவைப்போம்' என்று சொல்லப் பெற்றோருக்கு மனம் வராது, பல மருத்துவர்களுக்கும் வராது. சுரப்பியை முழுதாக எடுத்தால் வாழ்நாள் முழுக்க லெவோதைராக்சின் என்ற ஹார்மோன் மாத்திரை. குழந்தையின் கழுத்தில், கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பி அரிசி மணியைவிடச் சிறிது, அது அடிபட்டால் கால்சியம் இறங்கிக் கைகால் இழுக்கும். குரல் நரம்பு அடிபட்டால் குரல் கம்மும். வளர்ந்து யாருக்கும் தொல்லை தராத 6 மி.மீ. கட்டிக்கு இந்த விலை அதிகம்.

ஆனால் உண்மையில் டோஸ் வாங்கிய குழந்தையிடம் கட்டி தென்பட்டால் கதை வேறு. பெரியவரிடம் காணும் கட்டிகளில் 5-10 சதவீதம் புற்றாக இருக்கும், குழந்தையிடம் 22-26. அளவை மட்டும் பார்த்து ஊசிப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. குழந்தைகளிடம் இது கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குச் சீக்கிரம் போகும், நுரையீரலுக்கும் போகும், ஆகவே ஸ்கேனில் கழுத்தின் பக்கவாட்டையும் பார்க்க வேண்டும். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பரவிய பிறகும் குணமாகிற அரிய புற்றுகளில் இது ஒன்று: 2005 வரை செர்னோபில் பகுதியில் பதிவான 6,848 பேரில் இறந்தவர்கள் 15. மிச்சம் மீதியை அழிக்கக் கொடுப்பதும் அயோடின்-131தான், பல்லாயிரம் மடங்கு அதிக அளவில். செல்லைப் பாதி உடைத்து விடுவது புற்றைத் தரும், முழுதாகக் கொல்வது தராது.

#20 · செய்தித்துளி

கதிர்வீச்சால் வந்த கட்டி என்று ஆய்வகத்தில் கண்டுபிடிக்க முடியுமா?

#21 · நாளமில்லான்

ஒரு தனி ஆளிடம் முடியாது. ஆரம்ப ஆண்டுகளில் வந்தவற்றில் பாப்பிலரி என்ற தைராய்டு புற்று வகையின் திண்மை வடிவமும், ஆர்.இ.டி./பி.டி.சி.3 என்ற மரபணு ஒட்டும் அதிகம். டி.என்.ஏ.வின் இரு இழையும் அறுந்து தப்பாக ஒட்டிக்கொள்வதால் வருவது. 2021இல் தூசு பட்ட 359 பேர், படாத 81 பேரின் கட்டிகளை முழுதாகப் படித்தபோது, டோஸ் ஏற ஏற இப்படிப்பட்ட அறுந்த-ஒட்டுகள் ஏறின. ஆனால் 'இது கதிர்வீச்சு' என்று முத்திரை குத்தும் தனி அடையாளம் எதுவும் இல்லை. கூட்டமாகப் பார்த்தால் தெரியும், ஆளாகப் பார்த்தால் தெரியாது.

#22 · கல்வம்

புற்றுநோய் மட்டும்தான் விளைவு என்று கையேடு படிப்பவர் நினைத்துவிடுவார். தைராய்டு செயலிழப்பு?

#23 · நாளமில்லான்

அது பெரிய டோஸின் நோய். தெளிவான எடுத்துக்காட்டு மார்ஷல் தீவுகள். 1954 மார்ச் 1, பிகினியில் காசில் பிராவோ வெடிப்பு, 15 மெகாடன். சில மணி நேரத்தில் ரொங்கெலாப் தீவில் பவளத்தூள் மாவுபோலக் கொட்டியது. தீவிலிருந்து ஏற்றிச்சென்றது சுமார் இரண்டு நாள் கழித்து. ஒரு வயதுக் குழந்தையின் தைராய்டு டோஸ் பழைய கணிப்பில் 50 கிரே அளவில். மில்லிகிரே இல்லை, கிரே. அந்த வயதில் தூசு பட்ட இரண்டு சிறுவர்களுக்குச் சுரப்பியே அழிந்து, உயரம் நின்றுபோனது. தைராக்சின் கொடுத்த பிறகே வளர்ந்தார்கள். முதல் கட்டி தென்பட்டது 1963இல், 12 வயதுச் சிறுமியிடம். பத்து வயதுக்குள் தூசு பட்டவர்களில் பெரும்பாலோருக்குப் பின்னர் கட்டி வந்தது.

செர்னோபில் அளவு டோஸில் இப்படிச் சுரப்பி அழிவதில்லை. வெளியே தெரியாத லேசான குறைபாடு சற்றே கூடுகிறது, ஒரு கிரேவுக்கு 10 சதவீதம் அளவில். தீங்கில்லாத அடினோமா கட்டிகளும் டோஸோடு ஏறுகின்றன, ஒரு கிரேவுக்கு மிகை ஆபத்து 2 அளவில்.

#24 · மினுக்கி

அங்கே அயோடின்-131 சிறுபான்மை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வெடித்து சில மணி நேரத்தில் விழுந்த தூசில் 132, 133, 135 என்ற குறுகிய ஆயுள் அயோடின்கள் நிறைந்திருக்கும். 133இன் அரை ஆயுள் 20.8 மணி, 132இன் அரை ஆயுள் 2.3 மணி. அவை கொடுத்த பங்குதான் பெரிது. குண்டுத் தூசு பக்கத்தில் விழுந்தால் ஒரு கணக்கு, உலைத் தூசு நாட்கள் கழித்துப் பாலில் வந்தால் வேறு கணக்கு.

#25 · அரைவாழ்வு

வரைவு முடிந்தது. அட்டவணையில் 'ஒரு வயதுக் குழந்தை, 1000 பெக்கெரல் பால், 18 மில்லிசீவர்ட்' என்று போட்டிருக்கிறேன். மருத்துவமனை சி.டி. ஸ்கேன் ஒன்று 5-10 மில்லிசீவர்ட் என்று பக்கத்தில் ஒப்பீட்டுக்கு வைக்கலாமா?

#26 · மினுக்கி

வைக்காதீர்கள். இங்கேதான் எல்லோரும் விழுவது.

உங்கள் 18 தைராய்டு ஒன்றுக்கான டோஸ். சி.டி.யின் 5-10 உடம்பு முழுக்கச் சராசரியாக்கிய பயனுறு டோஸ். தைராய்டின் எடைக்காரணி 0.04, ஆகவே 18ஐப் பயனுறு டோஸாக்கினால் 0.7தான் வரும். ஒப்பிட்டால் பால் சி.டி.யைவிட மோசம் என்றாகிவிடும். மறுதலையாகவும் ஆபத்து: 'வெறும் 4 மில்லிசீவர்ட்' என்று அறிவித்தால், அது முழுக்க அயோடினால் வந்ததாக இருந்தால், சுரப்பிக்கு 100. மாத்திரை கொடுக்கலாமா என்று முடிவெடுக்கப் பன்னாட்டு அணுசக்தி முகமை வைத்திருக்கும் வரம்பு முதல் ஏழு நாளில் 50 மில்லிசீவர்ட், அதுவும் தைராய்டுக்கான எண்.

#27 · அரைவாழ்வு

சி.டி. வரியை எடுத்துவிட்டேன். தலைப்பு இப்போது 'தைராய்டுக்கு மட்டுமான டோஸ், மில்லிகிரே'. மாத்திரை பாதிப் பக்கம், பால் ஒன்றரைப் பக்கம்.